காவலர் எங்கே நின்றார்? லியோனிடாஸ் டயரின் மசோதாவும் அது காத்திருந்த நூறாண்டும்



நாம் எல்லோரும் ‘வக்கீல் அண்ணன்’ என்றே அழைத்துப் பழகிய தோழரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. உண்மை அறியும் குழுவாக எந்த ஊருக்குப் போனாலும், எரிந்த வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்: “அந்த நேரத்துல போலீஸ் எங்க நின்னுச்சு?” அடித்தவன் யார் என்பது ஊருக்கே தெரியும், அது எப்படியும் வெளியே வந்துவிடும், கைகட்டி நின்றவன் யார் என்பதுதான் எந்தக் காகிதத்திலும் ஏறாது என்பார். அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த சட்டம் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கியதுதான்.

அந்தக் கேள்வியை ஒரு சட்டமாகவே எழுதி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைத்துப் போராடிய ஒருவரைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைத்தோம். அவர் பெயர் லியோனிடாஸ் டயர். டயர் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கிச் சூடு நடத்தச் சொன்ன ஜெனரல் டயர். இவர் வேறு. அதே காலத்தில் வாழ்ந்த, மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்து வழக்கறிஞர். வெள்ளையர். புரட்சிக்காரர் அல்லர். தேர்தலில் நின்று, வென்று, தோற்று, மீண்டும் வக்கீல் தொழிலுக்கே திரும்பிய ஒரு சாதாரணக் கட்சி அரசியல்வாதி. அப்படிப்பட்ட ஒருவர் கையில் அப்படி ஒரு மசோதா எப்படி வந்தது, அதை யார் கொன்றார்கள், நூறாண்டு கழித்து வந்த சட்டத்தில் அதன் எந்தப் பகுதி விடுபட்டுப்போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

செயின்ட் லூயிஸ் வழக்கறிஞர்

டயர் 1871இல் மிசௌரியில் வாரன்டன் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவில் 1893இல் பட்டம் பெற்று, அதே ஆண்டு செயின்ட் லூயிஸில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1898இல் நடந்த ஸ்பானிய அமெரிக்கப் போரில் பணியாற்றினார். பின்னாளில் அந்தப் போரில் பங்கெடுத்த முன்னாள் படைவீரர் அமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். 1910 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக வென்று 1911இல் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். இடையில் ஒரு தேர்தல் தகராறில் 1914 ஜூனில் பதவியைப் பறிகொடுத்தார். 1915இல் திரும்பி வந்து, 1933 வரை தொடர்ந்து உறுப்பினராக இருந்தார்.

மாணவர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அன்றைய அமெரிக்கக் கட்சிகளை இன்றைய கட்சிகளாக எண்ணிக்கொள்ளக் கூடாது. குடியரசுக் கட்சி லிங்கனின் கட்சி. வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின மக்கள் பெரும்பாலும் அதற்கே வாக்களித்தார்கள். தென் மாநிலங்களில் வெள்ளை ஆதிக்கத்தைக் கட்டிக் காத்தது ஜனநாயகக் கட்சி. தெற்கில் எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி என்று பல தந்திரங்களால் கறுப்பர்களின் வாக்கு பறிக்கப்பட்டிருந்தது. மிசௌரியில் அவர்களுக்கு வாக்கு இருந்தது. டயரின் 12ஆவது தொகுதியில் கறுப்பின வாக்காளர்கள் கணிசமாக இருந்தார்கள்.

அதனால் அவர் வாக்குக்காகத்தான் பேசினார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். அதில் நமக்கு வருத்தம் இல்லை. வாக்கு கையில் இருக்கும் இடத்தில் மக்களின் வலி சட்டமன்றத்துக்குள் போகிறது. வாக்கு பறிக்கப்பட்ட இடத்தில் அது பிணவறையோடு நின்றுவிடுகிறது. டயரின் நல்ல மனதை நாம் அளக்க வேண்டியதில்லை. அவரை அங்கே அனுப்பியவர்களின் பலத்தை அளந்தால் போதும்.

ஆற்றின் அக்கரையில்

செயின்ட் லூயிஸ் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. கிழக்குக் கரையில், இல்லினாய்ஸ் மாநிலத்துக்குள் இருப்பது கிழக்கு செயின்ட் லூயிஸ். நடுவில் பாலம். அக்கரையில் ஆலைகளும் இறைச்சிக் கூடங்களும் இருந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் தெற்கிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வேலை தேடி அங்கே வந்தார்கள். அலுமினியத் தாது ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, நிர்வாகம் வேலைநிறுத்தத்தை உடைக்க ஆட்களைச் சேர்த்தது. வெள்ளைத் தொழிலாளர் சங்கங்களின் கோபம் முதலாளி பக்கம் திரும்பவில்லை, கறுப்பர் பக்கம் திரும்பியது. தங்கள் சங்கங்களில் கறுப்பர்களைச் சேர்க்க மறுத்தவர்களே, சங்கத்தில் இல்லாதவன் என்று அவர்களைப் பழித்தார்கள்.

1917 ஜூலை 2ஆம் தேதி பகல் முழுவதும், இரவு முழுவதும் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களைத் தெருவில் வைத்துக் கொன்றன. வீடுகளுக்குத் தீ வைத்து, தப்பி ஓடி வந்தவர்களைச் சுட்டன. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்த கறுப்பர்கள் 39 பேர். உண்மை எண்ணிக்கை 100க்கும் மேல் என்று கருதியவர்கள் பலர். ஏறத்தாழ 6,000 பேர் வீடிழந்தார்கள். பாலத்தைக் கடந்து இக்கரைக்கு, டயரின் ஊருக்கு, மூட்டையும் பிள்ளையுமாக வந்து சேர்ந்தார்கள்.

காவல்துறையும் இல்லினாய்ஸ் மாநிலப் படையும் அங்கேதான் இருந்தன. படை வராமல் போனதால் நடந்த படுகொலை அல்ல இது, படை வந்து நின்ற இடத்தில் நடந்தது. நின்று பார்த்தவர்கள் இருந்தார்கள். கும்பலோடு சேர்ந்துகொண்டவர்களும் இருந்தார்கள். நாடாளுமன்றம் விசாரணை நடத்த வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் டயர் முன்னே நின்றார். விசாரணைக் குழு அமைந்தது. காவல்துறையும் படையும் கடமை தவறியதை அந்தக் குழுவின் அறிக்கையே பதிவு செய்தது.

அறிக்கைக்காகக் கறுப்பின மக்கள் காத்திருக்கவில்லை. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் சார்பில் டு போய்சும் மார்த்தா குரூனிங்கும் நேரே போய்ச் சாட்சியங்களைத் திரட்டினார்கள். ஐடா பி. வெல்ஸ் தாமே அங்கு போய், உயிர் பிழைத்த பெண்களோடு பேசி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஜூலை 28ஆம் தேதி நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஆயிரக்கணக்கான கறுப்பின ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் முழக்கம் எதுவும் இல்லாமல், முரசொலி மட்டும் கேட்க, அமைதியாக நடந்தார்கள். நாம் இன்று உண்மை அறியும் குழு என்றும் கண்டனப் பேரணி என்றும் சொல்வது இதைத்தான்.

அதற்கு முன்பே எழுந்த குரல்கள்

டயரை ஒரு மீட்பராக நிறுத்தி இந்தக் கதையைச் சொல்வது தவறாகிவிடும். லிஞ்சிங் என்ற சொல்லைத் தமிழில் கும்பல் கொலை என்று எழுதுகிறோம். அந்தச் சொல் போதாது. சிறையிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒருவரை இழுத்துவந்து, முன்கூட்டியே செய்தி பரப்பி, கூட்டம் கூட்டி, மரத்தில் தூக்கிலிட்டு, படம் எடுத்து அஞ்சலட்டையாக விற்ற பொதுச் சடங்கு அது. மெம்பிஸ் நகரில் 1892இல் மூன்று கறுப்பின மளிகைக் கடைக்காரர்கள் அப்படிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம், வெள்ளைக்காரரின் கடைக்குப் போட்டியாகக் கடை வைத்து முன்னேறியதுதான். அவர்களில் ஒருவரான தாமஸ் மாஸ் ஐடா வெல்ஸின் நண்பர். அன்றிலிருந்து வெல்ஸ் ஒவ்வொரு கொலையாக எடுத்து விசாரித்து எழுதினார். பெண்ணின் மானம் காக்கவே கொல்கிறோம் என்ற வெள்ளையரின் கதையை உடைத்தார். அதற்குப் பதிலாக அவருடைய பத்திரிகை அலுவலகம் உடைக்கப்பட்டது. மெம்பிஸுக்கு அவர் திரும்ப முடியவில்லை.

நாடாளுமன்றத்தில் முதல் லிஞ்சிங் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட். அவரும் வழக்கறிஞர். வட கரோலினாவைச் சேர்ந்தவர். அன்று சபையில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர். 1900 ஜனவரியில் அவர் வைத்த மசோதா, லிஞ்சிங்கை தேசத்துரோகத்துக்கு இணையான குற்றமாக்கக் கோரியது. குழுவுக்குப் போன மசோதா அங்கேயே செத்தது. 1901 மார்ச்சில் ஒயிட் பதவி முடிந்து வெளியேறினார். 1929இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் வரும் வரை, 28 ஆண்டுகள், அந்தச் சபையில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. அவர்களைப் பற்றிய சட்டம் அவர்கள் இல்லாத சபையில் விவாதிக்கப்பட்டது. டயரின் மசோதாவை நாம் இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

மசோதாவில் இருந்தது என்ன

1918 ஏப்ரல் 8ஆம் தேதி டயர் தன் மசோதாவை அறிமுகம் செய்தார். அது வானத்திலிருந்து விழவில்லை. ஆல்பர்ட் பில்ஸ்பரி என்ற பாஸ்டன் வழக்கறிஞர் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒரு வரைவின் மீது கட்டப்பட்டது. அடுத்த மாதமே ஜார்ஜியாவில் மேரி டர்னர் என்ற கர்ப்பிணிப் பெண் கொல்லப்பட்டார். தன் கணவரைக் கொன்றவர்கள் மீது வழக்குத் தொடுப்பேன் என்று சொன்னதற்காக. சட்டத்தை நாடுவேன் என்று ஒரு பெண் சொன்னதே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த நாட்டில், சட்டம் என்ன சொல்ல வேண்டும் என்று இந்த மசோதா முயன்றது.

அதில் மூன்று அடுக்குகள் இருந்தன.

முதலாவது, கொன்ற கும்பல். அவர்களை மாநில நீதிமன்றத்தில் மட்டும் அல்லாமல், ஒன்றிய நீதிமன்றத்திலும் நிறுத்தலாம். உள்ளூர் நீதிபதி, உள்ளூர் ஜூரி, உள்ளூர் ஷெரிஃப் எல்லோரும் ஒரே சாதிசனமாக இருந்த இடத்திலிருந்து வழக்கை வெளியே எடுக்கும் வழி அது.

இரண்டாவது, அதிகாரி. தன் காவலில் இருந்தவரையோ ஆபத்தில் இருந்தவரையோ காப்பாற்ற நியாயமான முயற்சி எடுக்காத அதிகாரிக்கும், கொன்றவர்களைப் பிடித்து வழக்குத் தொடுக்கத் தவறிய அதிகாரிக்கும் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். கும்பலோடு கூட்டுச்சதி செய்து தன் கைதியை ஒப்படைத்தவருக்கு ஆயுள் சிறை வரை தண்டனை.

மூன்றாவது, அந்த மாவட்டம். கொலை நடந்த கவுன்ட்டி, இறந்தவரின் குடும்பத்துக்காக 10,000 டாலர் கட்ட வேண்டும். ஒரு கவுன்ட்டியில் பிடித்து இன்னொரு கவுன்ட்டியில் கொன்றால் இரண்டும் சேர்ந்து பொறுப்பு. அதாவது வரி கட்டும் ஒவ்வொரு வெள்ளையரின் பையிலிருந்தும் பணம் போகும். நான் கல்லெறியவில்லை, வீட்டுக்குள்தான் இருந்தேன் என்று சொல்பவரும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது அடுக்கையும் மூன்றாவது அடுக்கையும் நாம் கவனிக்க வேண்டும். கொலையைத் தண்டிக்க எல்லா மாநிலத்திலும் ஏற்கெனவே சட்டம் இருந்தது. அமெரிக்காவில் கொலை என்றைக்கும் சட்டபூர்வமாக இருந்ததில்லை. இல்லாமல் இருந்தது ஒன்றுதான்: சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றவரைத் தண்டிக்கும் சட்டம். டயரின் மசோதா அந்த இடத்தில் கை வைத்தது.

காருக்கு ஒரு சட்டம்

எதிர்த்தவர்கள் அரசமைப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். 14ஆவது திருத்தம், எந்த மாநிலமும் எந்த மனிதருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிறது. இது மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாட்களைக் கட்டுப்படுத்தாது என்பது உச்ச நீதிமன்றம் 1883இல் ஹாரிஸ் வழக்கில் சொன்ன தீர்ப்பு. டென்னசியில் துணை ஷெரிஃபின் காவலில் இருந்த கைதிகளை ஒரு கும்பல் பறித்துக்கொண்டு போய் அடித்து, அவர்களில் ஒருவர் இறந்துபோன வழக்கு அது. கொலை மாநிலத்தின் விவகாரம், ஒன்றிய அரசு தலையிடக் கூடாது என்ற வாதத்துக்கு அந்தத் தீர்ப்பே அரண் ஆனது.

தேசியச் சங்கத்தின் தலைவரும் பெரும் அரசமைப்புச் சட்ட வழக்கறிஞருமான மூர்ஃபீல்ட் ஸ்டோரியே தொடக்கத்தில் டயரின் மசோதா செல்லுமா என்று தயங்கினார். பின்னர்தான் மனம் மாறி ஆதரித்தார். டயர் தரப்பின் பதில் எளிமையானது. மறுப்பது என்றால் கையால் தடுப்பது மட்டும்தானா? பாதுகாக்க வேண்டியவர் பாதுகாக்காமல் நிற்பதும் மறுப்புதான். ஒரு மாநிலம் வெள்ளையரைக் கும்பலிடமிருந்து காப்பாற்றி, கறுப்பரைக் கும்பலிடம் விட்டால், அந்த மாநிலம் சமமான பாதுகாப்பை மறுத்துவிட்டது. அதிகாரியின் செய்யாமை அரசின் செயல். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நாங்கள் டயரைப் படிக்கச் சொல்கிறோம்.

மாநில உரிமை என்ற அந்த வாதத்தின் நேர்மையை அளக்க, டயரின் இன்னொரு சட்டமே போதும். 1919 அக்டோபரில் தேசிய மோட்டார் வாகனத் திருட்டுச் சட்டம் நிறைவேறியது. இன்றும் அதை டயர் சட்டம் என்றுதான் அழைக்கிறார்கள். திருடிய காரை மாநில எல்லையைத் தாண்டி ஓட்டிச் சென்றால் அது ஒன்றியக் குற்றம். தண்டனை 5 ஆண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். திருட்டும் மாநில விவகாரம்தான். ஆனால் கார் எல்லை தாண்டியதும், மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்ற பிரிவின் கீழ் ஒன்றிய அரசுக்கு அதிகாரம் வந்துவிட்டது.

ஒரே மனிதர் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவருகிறார். கடமை தவறிய அதிகாரிக்கு அவர் கேட்டதும், கார் திருடனுக்கு அவர் கேட்டதும் ஒரே தண்டனை. கார் மசோதா ஒரே ஆண்டில் சட்டமாகிவிட்டது. அதே நாடாளுமன்றம், அதே அரசமைப்புச் சட்டம், அதே மாநில எல்லைகள். சொத்து எல்லை தாண்டினால் ஒன்றிய அரசு துரத்திக்கொண்டு வரும். உயிர் போனால் அது உள்ளூர் விவகாரம். அரசமைப்புச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, எதற்கெல்லாம் அது அனுமதித்திருக்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்கிறோம்.

1922

1919இல் தேசியச் சங்கம், முந்தைய முப்பது ஆண்டுகளின் லிஞ்சிங் கொலைகளை ஊர், தேதி, பெயர் வாரியாகத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டது. மொத்தம் 3,224 பேர். அவர்களில் 2,522 பேர் கறுப்பர்கள். இந்தக் கணக்குதான் டயரின் ஆயுதம். 1921 ஏப்ரலில் அவர் மசோதாவை மீண்டும் வைத்தார். சங்கத்தின் செயலாளரும் கவிஞருமான ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் வாஷிங்டனில் முகாமிட்டு, உறுப்பினர் அறை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். அந்த அறைகளில் டயரைத் தவிர அவருக்கு உறவு என்று சொல்ல அதிகம் பேர் இல்லை.

தென் மாநில உறுப்பினர்கள் அவையை விட்டு வெளியேறி, கோரம் இல்லாமல் செய்து இழுத்தடித்தார்கள். 1922 ஜனவரி 26ஆம் தேதி வாக்கெடுப்பு. பார்வையாளர் மாடம் கறுப்பின மக்களால் நிரம்பியிருந்தது. 231 பேர் ஆதரவு, 119 பேர் எதிர்ப்பு. மாடத்தில் எழுந்த ஆரவாரத்தை அடக்க முடியவில்லை. உறுப்பினராக ஒருவர்கூட இல்லாத மக்கள், மாடத்தில் நின்று அந்த வெற்றியைத் தங்கள் வெற்றி ஆக்கினார்கள்.

அடுத்து செனட். அங்கும் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. ஜனாதிபதி ஹார்டிங்கும் அதே கட்சி. லிஞ்சிங் என்னும் கறையை நீக்க வேண்டும் என்று பேசியவர். ஆனாலும் நீதித்துறைக் குழுவில் அவர்கள் கட்சியின் செனட்டர் போராவே, மசோதா அரசமைப்புக்கு முரண் என்று எதிர்த்தார். குழுவைக் கடக்கவே கோடை வந்துவிட்டது. கறுப்பினப் பெண்கள் மேரி டால்பர்ட் தலைமையில் லிஞ்சிங் எதிர்ப்புப் பெண்கள் படையைத் திரட்டி, ஊர் ஊராக நிதி சேர்த்தார்கள். நவம்பர் 23ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் வந்தது. 1889 முதல் 1922 வரை 3,436 பேர் கொல்லப்பட்டார்கள் என்றும், அவர்களில் பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர்களே 571 பேர்தான் என்றும் அது எண்ணிச் சொன்னது. ஐடா வெல்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு சொன்னது இப்போது ஒரு பக்க அளவுக்கு அச்சேறியது.

செனட்டில் ஒரு நடைமுறை உண்டு. பேச எழுந்தவரை எளிதில் உட்காரவைக்க முடியாது. பேசிப் பேசியே, நடைமுறைத் தீர்மானங்களை அடுக்கியே அவையை முடக்கலாம். ஃபிலிபஸ்டர் என்று பெயர். அலபாமாவின் செனட்டர் அண்டர்வுட் வெளிப்படையாகவே அறிவித்தார்: இந்த மசோதாவைக் கைவிடும் வரை வேறு எந்த வேலையும் இந்த அவையில் நடக்காது. குடியரசுக் கட்சிக்கோ வேறு வேலைகள் இருந்தன. கப்பல் நிறுவனங்களுக்கு மானியம் கொடுக்கும் மசோதா காத்திருந்தது. பதவி நியமனங்கள் காத்திருந்தன. ஒரு வார இழுபறிக்குப் பின், டிசம்பர் 2ஆம் தேதி கட்சிக் கூட்டம் கூடி மசோதாவைக் கைவிட முடிவெடுத்தது.

வாக்கெடுப்பில் தோற்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாக்கெடுப்பே நடக்கவில்லை. எதிரிகள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்களை நமக்குத் தெரியும். பெரும்பான்மை வைத்திருந்த நண்பர்கள் என்ன செய்தார்கள்? ஒரு வாரம் நின்று பார்த்தார்கள், பிறகு விலகிக்கொண்டார்கள். அதிகாரியின் செய்யாமையைக் குற்றமாக்க வந்த மசோதா, செனட்டின் செய்யாமையால் செத்தது.

தோல்விக்குப் பிறகு

டயர் விடவில்லை. 1923இல் மேற்கு மாநிலங்களுக்குப் பயணம் போய்க் கூட்டம் கூட்டமாகப் பேசினார். அடுத்தடுத்த நாடாளுமன்றங்களிலும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1922 அளவுக்கு அது மீண்டும் முன்னேறவில்லை. 1932 தேர்தலில் ரூஸ்வெல்ட் அலையில் அவர் தோற்றார். 1934இலும் 1936இலும் நின்று தோற்றார். செயின்ட் லூயிஸில் பழைய வக்கீல் தொழிலுக்குத் திரும்பி, 1957 டிசம்பரில் இறந்தார்.

தோல்வி வீண் அல்ல. டஸ்கெகி நிறுவனம் பதிவு செய்த கணக்கின்படி, 1922இல் 57 ஆக இருந்த லிஞ்சிங் கொலைகள் 1923இல் 33 ஆகக் குறைந்தன. ஒன்றியச் சட்டம் வந்துவிடுமோ என்ற அச்சம் தென் மாநில அரசுகளைக் கொஞ்சம் அசைத்தது. மசோதாவுக்கு எதிராக வாக்களித்த டெலவேர் உறுப்பினர் லேட்டனைக் கறுப்பின வாக்காளர்கள் அந்த ஆண்டுத் தேர்தலிலேயே தோற்கடித்தார்கள். எந்தக் கட்சிக்கும் எங்கள் வாக்கு அடிமை இல்லை என்ற பாடம் அங்கே தொடங்கியது.

இந்த மசோதாவைத் தோளில் சுமந்த இயக்கத்துக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பாபாசாகேப் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1946இல் அவர் டு போய்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டு எழுதிய கடிதம் அது. டு போய்ஸ் அதே ஆண்டு ஜூலையில் பதில் எழுதினார். நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் உள்நாட்டு அவை காதை மூடிக்கொள்ளும்போது எங்கே போவது என்ற கேள்வி இருவருக்கும் பொதுவாக இருந்தது.

வந்ததும் வராததும்

டயருக்குப் பிறகும் மசோதாக்கள் வந்தன. 1937இலும் 1940இலும் பிரதிநிதிகள் சபை லிஞ்சிங் தடுப்பு மசோதாக்களை நிறைவேற்றியது, செனட் கொன்றது. 2005 ஜூனில், சட்டம் இயற்றாமல் போனதற்காக செனட் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்டபோதும் சட்டம் இல்லை. 2022 மார்ச் 29ஆம் தேதி எமெட் டில் லிஞ்சிங் தடுப்புச் சட்டத்தில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவனின் பெயர் அதற்கு. டயரின் மசோதா சபையில் வென்று சரியாக நூறாண்டு.

நாம் அந்தச் சட்டத்தை வரவேற்கிறோம். ஆனால் பக்கத்தில் டயரின் மசோதாவை வைத்துப் படிக்கிறோம். புதிய சட்டம் வெறுப்புக் குற்றத்துக்கான கூட்டுச்சதியைக் குற்றமாக்கி, 30 ஆண்டு வரை சிறை என்கிறது. கும்பலுக்கான தண்டனை இருக்கிறது. கடமை தவறிய அதிகாரிக்கான பிரிவு இல்லை. கவுன்ட்டி கட்ட வேண்டிய 10,000 டாலர் இல்லை. நூறாண்டுக் காத்திருப்பில் முதல் அடுக்கு மட்டும் வந்து சேர்ந்தது. நின்று பார்த்தவரும், வேடிக்கை பார்த்த ஊரும் இந்த முறையும் வெளியே போய்விட்டார்கள்.

நம் நிலை என்ன? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 4 இருக்கிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அந்தக் கடமைகள் எவை என்பதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியல் போட்டே சொல்கிறது: புகாரை எழுதிப் படித்துக் காட்டுவது, முதல் தகவல் அறிக்கை பதிவது, அதன் படியைக் கொடுப்பது, உரிய காலத்துக்குள் குற்றப்பத்திரிகை வைப்பது. பிரிவு 16இன் வழியாக, வன்கொடுமை நடந்த பகுதி மக்கள் மீது கூட்டு அபராதம் விதிக்கும் அதிகாரமும் மாநில அரசுக்கு இருக்கிறது. டயர் கேட்டுக் கிடைக்காத இரண்டு அடுக்குகளும் நம் சட்டப் புத்தகத்தில் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. அவை தானாக வரவில்லை, போராடி வந்தவை.

ஆனால் பிரிவு 4இன் கீழ் அதிகாரி மீது குற்றம் சுமத்த, முதலில் ஒரு நிர்வாக விசாரணை நடந்து, அது பரிந்துரைக்க வேண்டும். அதாவது, நின்றவர் நின்றாரா என்பதை அவருடைய துறையே முதலில் சொல்ல வேண்டும். பூட்டும் சாவியும் ஒரே கையில். இந்தச் சொற்பொழிவுக்கு வந்திருக்கும் சட்ட மாணவர்கள் இந்தப் பரிந்துரை நிபந்தனையை எடுத்து ஆராய வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். அமெரிக்காவில் இல்லாத சட்டத்துக்காக நூறாண்டு போராடினார்கள். இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்த நாம் எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

களத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை ஒரு ஊருக்குப் போய்ப் புகார் எழுதும்போது, அடித்தவர்களின் பெயரோடு நிறுத்திவிட வேண்டாம். தகவல் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, யார் அதைப் பெற்றார், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, வந்தவர் எங்கே நின்றார், புகாரை வாங்க மறுத்தவர் யார் என்பதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். தேதியும் நேரமும் பதவியும் போட்டு எழுதுங்கள். தேசியச் சங்கம் 3,224 கொலைகளை அப்படி ஒவ்வொன்றாக எழுதித்தான் ஒரு மசோதாவுக்கு முதுகெலும்பு கொடுத்தது. வக்கீல் அண்ணன் விட்டுப் போன கட்டுகளிலும் அந்தப் பத்தி இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலும், அவர் கையெழுத்தில், முதல் பக்கத்திலேயே இருக்கிறது.